தெற்குத் தளத்தில் மழுங்கிய அலகு

ஹொக்கிக் கையுறையை யாராவது முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம். மொன்றியலின் லாசால் பகுதியில் இருக்கும் எத்துவால் பனி அரங்கின் தெற்குக் கதவைத் தள்ளியதும், ஈரம், வியர்வை, பழைய எண்ணெயில் பொரிந்த உருளைக்கிழங்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் முகத்தில் அடித்தன. காலையில் சாப்பிட்ட இடியப்பம் மேலே வரட்டுமா என்று கேட்டது.

“மூக்கைப் பொத்தாதை றொசான்,” என்றார் புஷ்பவதி அக்கா. “துப்பறியிற ஆளுக்கு மூக்குத்தான் மூலதனம்.”

“அப்ப மூக்குக்கு மட்டும் இண்டைக்கு லீவு தாங்கோ அக்கா.”

அக்கா சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சிரிப்பதில்லை. மற்ற நாட்களிலும் குறைவுதான். பார்க் எக்ஸ்ரென்சனில் தெப்பனர் என்று இங்கே சொல்கிற ஒரு மூலைக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய துப்பறியும் அலுவலகம் இருக்கிறது. ஒரு மேசை, இரண்டு கதிரை, ஓர் உதவியாளன். அந்த உதவியாளன் நான். இதற்கு முன்னர் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது மனிதர்களைத் தரம் பிரிக்கிறோம். தக்காளியில் அழுகல் குறைவு.

எத்துவாலில் ஒரே கூரையின் கீழ் இரண்டு ஐஸ் தளங்கள். வடக்குத் தளம் நாட்டுக்காக ஓடுகிறவர்களுக்கு. சுவரெல்லாம் நீல மெத்தை, இருக்கைக்கு அடியில் சூடு. தெற்குத் தளம் ஊர்ச் சனத்துக்கு. கதிரையைத் தள்ளிக்கொண்டு சறுக்கப் பழகும் குழந்தைகள், தொந்தியைத் தள்ளிக்கொண்டு ஹொக்கி ஆடும் அப்பாக்கள், வாரத்தில் ஒருநாள் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நீண்ட நடைபாதை. அரங்கம் எல்லோருக்கும் சொந்தம் என்று வாசலில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த நடைபாதையைக் கடந்து வடக்குக்கு ஓடப் போன தமிழ்ப் பிள்ளை அதுவரை இல்லை.

2007 ஜனவரியின் அந்த ஞாயிறு ஒருத்தி போக இருந்தாள். ஜென்சி, பதினாறு வயது, மன்னாரிலிருந்து வந்த மாக்கிரட்டின் ஒரே மகள். வேகச் சறுக்கலில் கியூபெக் இளையோர் அணிக்கான தேர்வு ஓட்டம் பின்னேரம் நடக்க இருந்தது. அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும், ஆகவே இன்று விட்டால் விட்டதுதான். காலையில் தமிழ்ச் சறுக்குக் கழக அறைக்கு வந்த மாக்கிரட், பூட்டு உடைந்து கிடப்பதைக் கண்டிருக்கிறார். உள்ளே மகளின் சறுக்குச் சப்பாத்தில் இரண்டு அலகுகளையும் யாரோ அராவி மழுங்கடித்திருந்தார்கள்.

எங்களை அழைத்தவர் தேவதாசன், லாசால் தமிழ்ச் சறுக்குக் கழகத் தலைவர். நடைபாதையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் சுவரை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய பனர் தொங்கியது. பளபளக்கும் அச்சு. ‘எங்கள் ஜென்சிக்கு நீதி வேண்டும்!’ தமிழிலும் பிரெஞ்சிலும். படத்தில் ஜென்சியின் முகம் பாதி தெரிந்தது. தேவதாசன் முழுதாகத் தெரிந்தார்.

“சுறுக்கான ஆள்,” என்று அக்காவின் காதுக்குள் சொன்னேன்.

அக்கா பனரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். 

“தங்கச்சி, வந்திட்டியளோ!” என்றார் தேவதாசன். “பாத்தியளே அநியாயத்தை? எங்கட பிள்ளை முன்னுக்கு வாறது இவையளுக்குப் பொறுக்கேல்லை. ரேடியோவுக்குச் சொல்லியிட்டன். பின்னேரம் சனம் திரண்டு வரும்.”

“ஆர் செய்தது எண்டு நினைக்கிறியள்?”

“நினைக்க என்ன கிடக்கு? மேலனி எண்டொரு பெட்டை, ஜென்சியோடை ஓடுறவள். அவளின்ர ஒரு கையுறை பேரோடை உள்ளுக்குக் கிடக்கு.”

“நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?”

“சீச்சீ! மாக்கிரட் வாசல்ல நிண்டு காட்டினவ. நான் உள்ளுக்குக் காலே வைக்கேல்லை. தடயம் அழிஞ்சு போகுமெண்டு எனக்குத் தெரியாதே?”

அவர் பெருமையோடு என்னைப் பார்த்தார். நானும் மரியாதைக்குத் தலையாட்டி வைத்தேன்.

அப்போது அரங்கின் பொறுப்பாளர் மடாம் லபெல் வந்தார். இன்றைய தேர்வுக்கும் அவர்தான் தலைமை. கட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் ஒரு விசில். பனரைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு அக்காவிடம் பிரெஞ்சில் சொன்னார்: “யாரோ வேண்டுமென்றே கெடுத்தது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு நாள் தருவேன். ஆனால் யாரென்று எனக்குத் தெரிய வேண்டும். ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால். இல்லாவிட்டால் அவள் ஓடவில்லை என்றுதான் எழுத முடியும்.”

ஆக எங்களுக்கு மத்தியானம் வரைதான் நேரம் இருந்தது.

கழக அறை தெற்குத் தளத்தின் மூலையில் இருந்தது. வாசலில் மாக்கிரட் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறும் மேசுக் காலோடு காவல் நின்றார், அழுது வீங்கிய முகத்தோடு. பக்கத்தில் தரையில் ஜென்சி முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள்.

“உள்ளுக்கு ஒருத்தரையும் விடேல்லை அக்கா,” என்றார் மாக்கிரட். “அந்த மேலனியை நடைபாதையில வைச்சு நல்லாப் பேச்சுக் குடுத்தனான். அவள் அழுதுகொண்டு ஓடியிட்டாள்.”

“அம்மா, அவள் இல்லை எண்டு எத்தினை தரம் சொல்லுறது?” ஜென்சி நிமிர்ந்தாள். “விசயம் கேள்விப்பட்ட உடனை தன்ர மற்றச் சப்பாத்துச் சோடியைத் தூக்கிக்கொண்டு வந்தவள். எனக்குக் கால் பொருந்தேல்லை. செ பா எல், அவள் இல்லை.”

“பிரெஞ்சில சொன்னா உண்மையாகிடுமே?” என்று தாய் சீறினார். பிறகு எங்களைப் பார்த்து, “சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. சாமி கிடக்கு,” என்றார்.

எட்டிப் பார்த்தேன். சறுக்குச் சப்பாத்துகள் அடுக்கிய தட்டுகளுக்கு மேலே மடு மாதா, பக்கத்தில் பிள்ளையார், நடுவில் ஒரு மின்சார விளக்கு. கத்தோலிக்கரும் சைவரும் சண்டை பிடிக்காமல் பங்குபோட்ட இடம் மொன்றியலில் இந்த அறை ஒன்றாகத்தான் இருக்கும்.

அக்கா தன் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. வாசலில் கிடந்த கறுப்பு றப்பர் விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இடுப்புப் பிடிச்சிட்டுதோ அக்கா?” என்றேன்.

“வாயைப் பொத்து. மாக்கிரட், இந்த விரிப்பைக் கடைசியாக் கழுவினது ஆர்?”

“நான்தான். நேற்றுப் பிள்ளையள் பழகி முடிய அலம்பி விரிச்சுப்போட்டுத்தான் போனனான்.”

அக்கா தலையை ஆட்டிவிட்டு, விரிப்பைச் சுற்றி உள்ளே போனார். வாங்கில் ஜென்சியின் சறுக்குச் சப்பாத்துகள் கிடந்தன. நீளமான மெல்லிய அலகுகளின் ஓரம் சுரண்டிய தேங்காய்ச் சிரட்டை போல இருந்தது. கீழே தரையில் இரும்புத் தூள் மினுங்கியது. மாதா படத்தின் அடியில் அந்தக் கையுறை, பெயர் மேலே தெரியும்படி வைத்திருந்தது. விழுந்த சாமான் அப்படி வடிவாக விழாது.

“எடுத்து மணந்து பார்,” என்றார் அக்கா.

“லீவு கேட்டனான் அக்கா.”

“றொசான்!”

மணந்தேன். பூஞ்சணம். அதற்கு மேலே, காலையிலிருந்து என்னைத் துரத்திக்கொண்டிருந்த அந்தப் பொரித்த எண்ணெய். என் முகம் போன போக்கைப் பார்த்து அழுதுகொண்டிருந்த ஜென்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மேலனியை வடக்குத் தளத்தின் மெத்தைச் சுவரோரம் கண்டுபிடித்தோம். செம்பட்டை முடி, சிவந்த கண். அந்தக் கையுறை நத்தார்ப் பண்டிகைக்கு முன்னரே தொலைந்துவிட்டது என்றாள். மற்றது பையிலேயே இருக்கிறது, என்றைக்காவது சோடி கிடைக்கும் என்று வைத்திருக்கிறாள். காட்டினாள். நான் சொல்லாமலே மணந்தேன். சவர்க்கார வாசம் அடித்தது.

திரும்பி வரும் வழியில் உருளைக்கிழங்கு பொரிக்கும் சிற்றுண்டிக் கடையடியில் என் கால் தானாக நின்றது. அடுப்புக்கு அருகில் ஒரு பெரிய மட்டைப்பெட்டி. தொலைந்த சாமான்கள் போடுகிற பெட்டி. உள்ளே தொப்பிகள், ஒற்றை மேசுகள், சால்வைகள், எல்லாம் எண்ணெய் குடித்து ஊறிப்போய்க் கிடந்தன. யார் வேண்டுமானாலும் கையை விட்டு எடுக்கலாம்.

“கையுறை இஞ்சையிருந்துதான் நடந்து போயிருக்கு,” என்றேன். “ஆரோ அந்தப் பெட்டையை மாட்டிவிடப் பாத்திருக்கினம்.”

“ஆரோ இல்லை. எங்கட ஆக்கள்.”

“என்னண்டு சொல்லுறியள்?”

அக்கா என்னை மறுபடியும் அந்த விரிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மொன்றியல் குளிர்காலத்தில் தெருவெல்லாம் உப்புப் போடுவார்கள். சப்பாத்தில் ஒட்டிய சேறு உருகிக் காய்ந்தால் சுற்றிவர வெள்ளையாக ஒரு விளிம்பு நிற்கும். விரிப்பின் ஒரு பக்கத்தில் மாக்கிரட்டின் சின்னச் சப்பாத்துகள், அடியில் இன்னும் ஈரத்தோடு. மறுபக்கம் சுவரோரமாக இரண்டு பெரிய அடையாளங்கள். நன்றாகக் காய்ந்திருந்தன. சோடியாக, நேராக, பள்ளிக்கூடப் பிள்ளை அடுக்கி வைத்த மாதிரி.

“மாக்கிரட் வரமுன்னம் ஒருத்தன் வந்திருக்கிறான்,” என்றார் அக்கா. “பூட்டை உடைச்சிருக்கிறான். பேந்து சப்பாத்தைக் கழட்டி, ஓரமா அடுக்கி வைச்சிட்டு, மேசோடை உள்ளுக்குப் போயிருக்கிறான்.”

“நல்லா வளத்த கள்ளன்.”

“மேலனிக்கு இது சாமான் அறை. சப்பாத்தோடை போவாள், சப்பாத்தோடை வருவாள். சாமியறை எங்களுக்குத்தானே? பெரிய கால், ஆம்பிளை. மாதாவுக்குக் குடுத்த மரியாதையில அரைவாசி அந்தப் பிள்ளைக்குக் குடுத்திருக்கலாம்.”

பின்னால் மாக்கிரட் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

  திருடன் வீட்டுக்குள் புகுந்தால் கோபம்தான் வரும். இது அப்படியல்ல. எங்கள் ஆள், பக்தியோடு வந்து, ஒரு பிள்ளையின் இரண்டு வருட உழைப்பை அராவிவிட்டு, போகும்போது மாதாவுக்குக் கீழே பொய்ச் சாட்சியையும் படைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

“கழகத்தில ஆம்பிளையள் கனபேர் அக்கா,” என்றேன். “எல்லாற்ற காலையும் அளக்கிறதே?”

“தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலமை மொன்றியல்ல பனர் அடிக்கிற கடை எது திறந்திருக்கும்?”

“ஒண்டும் இல்லை. பாண் கடையே அரைக்கண்ணில தான் திறக்கும்.”

“அப்ப அந்தப் பனர் எப்ப அடிச்சது?”

நடைபாதையைத் திரும்பிப் பார்த்தேன். பளபளக்கும் அச்சு. இரண்டு மொழி. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம். 

“அலகு மழுங்கமுன்னமே நீதி கேட்டிருக்கிறார்,” என்றார் அக்கா. “ஓடிப்போய் அந்தச் சிற்றுண்டிக் கடையின்ர பிரிட்ஜில ஒட்டியிருக்கிற காந்தம் ஒண்டு வாங்கிக்கொண்டு வா.”

தொப்பி போட்ட பனிக்கரடிக் காந்தம் ஒன்று கிடைத்தது. நான் அதைக் கொண்டுவந்தபோது தேவதாசனைச் சுற்றி பெற்றோர் கூட்டம் ஒன்று சேர்ந்திருந்தது. மடாம் லபெல்லும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தூரத்தில் நின்றார்.

“தலைவர்,” என்று அக்கா கூப்பிட்டார். குரலில் தேன். அக்காவின் குரலில் தேன் வந்தால் நான் இரண்டடி தள்ளி நிற்பது வழக்கம். “வேலை முடிஞ்சுது. பேப்பருக்கு ஒரு படம் வேணும். உள்ளுக்குப் போய் அந்த அலகைக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டியள் எண்டா நல்லாயிருக்கும்.”

படம் என்றதும் தேவதாசனுக்கு முகம் மலர்ந்தது. கோட்டுக் கழுத்தைச் சரிசெய்தார். முடியைத் தடவினார். குனிந்து சப்பாத்துகளைக் கழற்றி, சுவரோரமாக, சோடியாக, நேராக வைத்தார்.

காய்ந்து கிடந்த வெள்ளை விளிம்பின் மேல் அவை அளவெடுத்த மாதிரிப் பொருந்தின.

அவருக்குத் தெரியவில்லை. கை தன்பாட்டில் செய்த வேலை அது. கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கீழே பார்த்தார்கள்.

“ஒருக்கால் நில்லுங்கோ அண்ணை,” என்றார் அக்கா. “கதவைப் பிடிச்சுக்கொண்டு காலைத் தூக்குங்கோ.”

“என்னத்துக்கு?”

“தூக்குங்கோவன்.”

தலைவர் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார். அக்கா பனிக்கரடியை அவருடைய கம்பளி மேசின் அடியில் மெதுவாக இழுத்தார். வெளியே எடுத்தபோது கரடிக்குக் கருகருவென்று ஒரு தாடி முளைத்திருந்தது.

“இரும்புத் தூள்,” என்றார் அக்கா. “அறைக்குள்ள மட்டும்தான் கிடக்கு. நீங்கள் உள்ளுக்குக் காலே வைக்கேல்லை எண்டனீங்கள்.”

தேவதாசன் கதவைப் பிடித்தபடியே நின்றார். முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு வியர்த்தது.

“நான்... பிளேட்டை மட்டும்தான் அராவினனான். சப்பாத்தைத் தொடேல்லை. புதுசு நானே வாங்கிக் குடுத்திருப்பன்!”

“ஏன்?” மாக்கிரட் அவருக்கு முன்னால் வந்து நின்றார். “என்ர பிள்ளை உங்களுக்கு என்ன செய்தவள்?”

“அவள் அங்காலை போயிட்டா இஞ்சை கழகத்தில என்ன மிஞ்சும்? ஆரைக் காட்டி நான் பழக ஐஸ் நேரம் கேக்கிறது? நாளைக்கு அவள் மெடல் எடுக்கேக்கை பக்கத்தில வெள்ளைக்காரக் கோச் நிப்பான். நாங்கள் எங்கை நிக்கிறது? வாய்ப்பைப் பறிகுடுத்த பிள்ளை எண்டா சனம் எங்களோடை நிக்கும், மாக்கிரட். ஒரு நல்ல காரியத்துக்குத்தானே...”

பனரின் மீதிக் கதை எனக்கு விளங்கியது. வென்ற ஜென்சியோடு எடுக்கும் படத்தில் அவருக்கு இடமில்லை. அநியாயத்துக்கு ஆளான ஜென்சியோடு எடுக்கும் படத்தில் நடுவில் நிற்கலாம். பனிக்கரடியைத் தூக்கி அவர் தலையில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

யாராவது ஒருவர் அவர் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கவில்லை. அருமைநாதன் என்கிற ஒரு தகப்பன் முன்னுக்கு வந்து, மடாம் லபெல்லுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“சரி, நடந்தது நடந்து போச்சு. வெள்ளையளுக்கு இதைச் சொல்லி என்ன பிரயோசனம்? எங்கட மானம்தான் போகும். வீட்டுக்குள்ள முடிப்பம்.”

“ஓம் ஓம்,” என்றன பின்னால் நின்ற தலைகள்.

“சொன்னா கழகத்துக்கு ஐஸைத் தரமாட்டாளவை,” என்றார் தேவதாசன். அவருக்குக் கால் திரும்பவும் நிலத்தில் பட்டுவிட்டது. “எல்லாப் பிள்ளையளின்ர பாவத்தையும் நீர்தான் சுமக்க வேணும் மாக்கிரட். யோசிச்சுச் செய்யும்.”

“சொல்லாட்டி என்ர பிள்ளை ஓடேலாது.”

“அவள் இன்னும் சின்னப் பிள்ளைதானே,” என்றார் அருமைநாதன். “வேற ஏதும் விளையாட்டு இல்லையே?”

அக்கா சுவரோரம் ஒதுங்கி நின்றார். ஆளைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை, அதை வாயால் சொல்வது தாயின் உரிமை என்று பின்னர் எனக்கு விளக்கினார். அந்த நேரத்தில் எனக்கு அதுவும் விளங்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

மாக்கிரட் மகளைப் பார்த்தார். ஜென்சி யாரையும் பார்க்கவில்லை. மடியில் எடுத்து வைத்திருந்த மழுங்கிய அலகின் ஓரத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் கண்ணீர் வழிந்தது.

மாக்கிரட் சப்பாத்தைப் போடவில்லை. மேசுக் காலோடு, சேறும் உப்பும் கிடந்த நடைபாதையில் நடந்தார். முதலில் போனது மடாம் லபெல்லிடம் அல்ல. வடக்குக் கதவடியில் நின்ற மேலனியின் இரண்டு கையையும் பிடித்து, “பார்தோன்,” என்று மன்னிப்புக் கேட்டார். “பார்தோன், பிள்ளை.” அதன் பிறகுதான் மடாம் லபெல்லிடம் திரும்பி, தன்னிடமிருந்த கொஞ்சப் பிரெஞ்சையும் திரட்டிச் சொன்னார்: “செ நொத்ர் பிரெசிதான்.”

எங்கள் தலைவர்தான். விரலை நீட்டியும் காட்டினார்.

 அக்கா காந்தத்தையும் விரிப்பையும் காட்டி மிச்சத்தைச் சொன்னார். மடாம் லபெல் கேட்டு முடித்துவிட்டு தேவதாசனைப் பார்த்த பார்வை, செருப்பில் ஒட்டிய எதையோ பார்ப்பது போல இருந்தது. அவரை வாசல்வரை கொண்டுபோய் விட ஒரு காவலாளி வந்தான்.

“சனிக்கிழமை காலை,” என்றார் மடாம் லபெல் ஜென்சியிடம், மெதுவாக. “நீ தனியாக ஓடுவாய், நேரத்துக்கு எதிராக. அலகுகள் நாங்கள் தருகிறோம்.” பிறகு கூட்டத்தைப் பார்த்தார். “உங்கள் ஐஸ் நேரத்தை யாரும் எடுக்கப் போவதில்லை. அது பிள்ளைகளுடையது. எனக்குப் பொறுப்பாக ஓர் ஆள் மட்டும் வேண்டும். இனி கழகத்துக்கு யார் தலைவர்?”

ஜென்சி இன்னும் அழுது முடிக்கவில்லை. அதற்குள் மூன்று கைகள் மேலே போயின. முதலாவது கை அருமைநாதனுடையது.

அக்கா தன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். “வெளிக்கிடு றொசான்,” என்றார். “எனக்கும் இப்ப மணக்குது.”

நாங்கள் கதவடிக்குப் போனபோது பின்னால் ஜென்சியின் குரல் கேட்டது. பிரெஞ்சில் அல்ல, எல்லோருக்கும் விளங்கட்டும் என்று நல்ல தமிழில் சொன்னாள்.

“அம்மா, சனிக்கிழமை நான் ஓடுறதைப் பாக்க இவையளில ஒருத்தரும் வரக்கூடாது.”